செயினில் மாட்டிய தாவணி

எங்கள் எதிர் வீட்டில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். பெயர் வேண்டாம், பத்திரிகையில் தன் பெயர் வந்துவிட்டால் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வருவாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தெரு முனையில் சைக்கிளைத் திருப்பும்போது மணலில் சறுக்கி விழுந்தாள். முழங்கால் இரண்டும் தேய்ந்தன. மோவாயில் வெட்டு, டாக்டர் மூன்று தையல் போட்டார். அழுகை என்னவோ ஐந்து நிமிஷந்தான். அப்புறம் தையலைக் கண்ணாடியில் பார்த்துப் பெருமைப்பட்டுக் கொண்டிருந்தாள்.

அழுகையெல்லாம் அவளுடைய அம்மாவுக்கும் அப்பாவுக்குந்தான். ராத்திரியே அந்தச் சைக்கிள் மொட்டை மாடி அறைக்குப் போய்விட்டது. பூட்டு வேறு! "இனிமே அந்தச் சனியன் பக்கமே போகக் கூடாது" என்று அப்பா சொன்னது எங்கள் கூடம் வரையில் கேட்டது.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு. கட்டுப் போட்ட மோவாயோடு என் ஊஞ்சலில் வந்து உட்கார்ந்தாள்.

"பாட்டி, உலகத்திலேயே ரொம்ப மோசமா சைக்கிள்லேருந்து விழுந்தது யாரு?"

கேள்வியைப் பார்த்தீர்களா? 'நான் ஏன் விழுந்தேன்' என்றல்ல. தனக்கு எத்தனாவது இடம் என்று தெரிய வேண்டுமாம்! எனக்குச் சைக்கிள் பந்தயக் கதைகள் படிப்பதில் ஒரு பைத்தியம் உண்டு. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் சைக்கிள் ஓட்டுகிற குழந்தை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

விழுந்ததில் முதல் இடம் யாருக்கு என்று கேட்டால், நான் விம் வான் எஸ்ட் என்ற ஹாலந்துக்காரருக்குத்தான் கொடுப்பேன்.

பிரான்ஸ் தேசத்தைச் சுற்றி வருஷா வருஷம் நடக்கிற 'டூர் டி பிரான்ஸ்' சைக்கிள் பந்தயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் மொத்தக் கணக்கில் முன்னால் இருப்பவர் மஞ்சள் சட்டை போட்டுக் கொள்வார். 1951-ம் வருஷம் ஜூலை மாதம் அந்தச் சட்டை வான் எஸ்டுக்குக் கிடைத்தது. ஹாலந்து தேசத்தார் ஒருவர் அதைப் போட்டுக் கொண்டது அதுதான் முதல் தடவை. ஊரெல்லாம் கொண்டாட்டம். மறுநாளே பிரனீஸ் மலையில் ஓபிஸ்க் கணவாயிலிருந்து இறங்கும்போது, வளைவில் சக்கரம் வழுக்கி, சட்டையும் சைக்கிளுமாகப் பள்ளத்தில் போய்விட்டார்.

பள்ளம் என்றால் நம் தெருப் பள்ளமல்ல. சுமார் 70 மீட்டர். சென்னை அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டிடம் இருக்கிறதே, அதன் உச்சியிலிருந்து விழுந்தால்கூட அவ்வளவு ஆழம் வராது. மேலே நின்றவர்கள் கதை முடிந்தது என்றே நினைத்தார்கள். எட்டிப் பார்த்தால் கீழே மஞ்சளாக ஒரு புள்ளி அசைகிறது! மனிதர் உயிரோடு இருக்கிறார். அவருடைய கோஷ்டியின் காரில் இருந்த கயிற்றை இறக்கினார்கள், எட்டவில்லை. உடனே மாற்று டயர்களையெல்லாம் எடுத்தார்கள். பந்தயச் சைக்கிளின் டயர் நம்முடையதைப் போலக் கனமாக இராது. லேசாக, தோளில் மாட்டிக் கொள்ளும்படி இருக்கும். சுமார் நாற்பது டயர்களை ஒன்றோடு ஒன்று முடிந்து, கயிற்றோடு கட்டி, கிணற்றில் விழுந்த குடத்தை எடுப்பது போல அவரை மேலே இழுத்துவிட்டார்கள். பெரிய எலும்பு முறிவு ஒன்றுமில்லை.

ஆனால் டயரெல்லாம் இழுபட்டுத் தொளதொள என்று போய்விட்டன. மாற்று டயர் இல்லாமல் பந்தயம் ஓட முடியுமா? ஹாலந்து கோஷ்டி முழுதுமே பந்தயத்திலிருந்து விலகிக் கொண்டது. ஒருவரைக் காப்பாற்றுவதற்காக எல்லோரும் வீடு திரும்பினார்கள். பின்னால் ஒரு கைக்கடிகாரக் கம்பெனி அவரை வைத்து விளம்பரம் செய்தது. தம் இதயம் நின்றாலும் கையில் கட்டியிருந்த கடிகாரம் நிற்கவில்லை என்று அவர் சொல்வதாக! வியாபாரிகள் எதைத்தான் விட்டு வைத்தார்கள்?

"அப்போ எனக்கு ரெண்டாவது இடமா?" என்றாள் எதிர் வீட்டுக் குட்டி. "மூணு தையலுக்கா? வரிசையிலே பின்னாலே போய் நில்லு" என்றேன்.

*

விழுவது ஒரு நிமிஷ வேலை. விழாமலே பட்ட பாடு இருக்கிறதே, அது வேறு. யூஜின் கிறிஸ்தோப் என்பவரின் கதை அப்படி.

இந்த டூர் டி பிரான்ஸையே 1903-ல் ஒரு விளையாட்டுப் பத்திரிகை தன் விற்பனையைப் பெருக்கிக் கொள்வதற்காகத்தான் ஆரம்பித்தது. நாம் தொடர்கதைக்காக வாரா வாரம் காத்திருக்கிற மாதிரி, பிரெஞ்சுக்காரர்கள் இன்று யார் முந்தினார்கள், யார் விழுந்தார்கள் என்று தெரிந்துகொள்ளப் பத்திரிகை வாங்குவார்கள். அந்தப் பத்திரிகை மஞ்சள் காகிதத்தில் அச்சாயிற்று. அதனால்தான் பின்னால் சட்டைக்கும் மஞ்சள் நிறம். தொடர்கதை என்றால் கதாநாயகனுக்குக் கஷ்டம் வர வேண்டாமா? அதற்காகவே போட்டாற்போல் சட்டங்கள் போட்டிருந்தார்கள். அந்த நாளில் முக்கியமான சட்டம் ஒன்று: வழியில் சைக்கிள் கெட்டுப் போனால் ஓட்டுகிறவரே ரிப்பேர் செய்து கொள்ள வேண்டும். வேறு யாரும் ஒரு கை கொடுக்கக் கூடாது. வேறு சைக்கிளும் வாங்கக் கூடாது.

1913-ம் வருஷம் ஜூலை 9. பேயோன் என்ற ஊரிலிருந்து லூஷோன் வரையில் 326 கிலோமீட்டர், அதுவும் மலை மேல் மலையாக. விடிவதற்கு முன்பே புறப்பட்டுவிட்டார்கள். கிறிஸ்தோப் அன்று நல்ல நிலையில் இருந்தார். முதலாவதாக இருந்தவர் அன்றைக்கு விலகிவிட்டதால், மொத்தப் பந்தயத்தின் முதலிடம் அவருக்குக் கை எட்டுகிற தூரத்தில் இருந்தது. 2,115 மீட்டர் உயரமுள்ள டூர்மலே கணவாயை ஏறி முடித்துவிட்டார். இனி இறக்கந்தான்.

இறங்கும்போது முன்பக்கத்துப் போர்க் முறிந்துவிட்டது. போர்க் என்பது முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்கிறதே, அந்தக் கவட்டை. டயர் பஞ்சரானால் ஒட்டலாம்; செயின் அறுந்தால் கோக்கலாம்; போர்க் முறிந்தால் சைக்கிளே இல்லை. மனிதர் சைக்கிளைத் தோளில் போட்டுக் கொண்டார், முன் சக்கரத்தைக் கையில் எடுத்துக் கொண்டார், நடக்க ஆரம்பித்தார். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக 'விர்' என்று தாண்டிப் போனார்கள். பத்துக் கிலோமீட்டருக்கு மேல் அப்படி நடந்தார், ஆட்டுப் பாதைகளில் குறுக்கு வழி பார்த்துக்கொண்டு. அழுதுகொண்டே நடந்தாராம். பெரிய மீசைக்காரர், அந்த மீசை நனைந்ததை நினைத்துப் பாருங்கள்.

அடிவாரத்தில் ஸெயின்ட் மரீ டி கம்பான் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு சிறு பெண் கொல்லன் பட்டறைக்கு வழி காட்டினாள். நல்ல வேளை, கிறிஸ்தோப் பந்தயத்துக்கு வருமுன் பூட்டு வேலை பழகியவர். இரும்பு அவருக்குப் புதிதல்ல. ஆனாலும் போர்க் செய்வது பூட்டுச் செய்வதல்லவே! கொல்லர் வாயால் வழி சொன்னார், கையால் தொடவில்லை. தொட்டால் சட்டம். பந்தய அதிகாரி ஒருவரும், மற்ற கோஷ்டிகளைச் சேர்ந்தவர்களும் பட்டறையில் நின்று, இவர் ஏமாற்றுகிறாரா என்று கண் கொட்டாமல் பார்த்துக் கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குப் பசி வந்து, ஏதாவது வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வரட்டுமா என்றாராம். பசித்தால் கரியைத் தின்னும்படி கிறிஸ்தோப் சொன்னதாக ஒரு கதை உண்டு. சொல்லியிருக்கக் கூடியவர்தான்.

ஒரு கையால் இரும்பைப் பிடித்து, ஒரு கையால் அடித்து, உலையில் காய்ச்சி, துவாரம் போட்டு... துருத்தியை யார் ஊதுவது? இருப்பது இரண்டு கை. பட்டறையில் நின்ற ஒரு சின்னப் பையன் துருத்தியை ஊதினான். மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை நடந்தது. புதுப் போர்க்கை மாட்டிக் கொண்டு, பையில் ரொட்டியைத் திணித்துக் கொண்டு, கிறிஸ்தோப் மறுபடி கிளம்பி, இன்னும் இரண்டு கணவாய்களைத் தாண்டி லூஷோன் போய்ச் சேர்ந்தபோது, ஜயித்தவர் வந்து ஏறக்குறைய நாலு மணி நேரம் ஆகிவிட்டிருந்தது.

அங்கே பந்தய அதிகாரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? துருத்தி ஊதிய பையனின் உதவியைப் பெற்றதற்காகப் பத்து நிமிஷம் அபராதம் போட்டார்கள்! அப்புறம் ஏதோ மனம் இளகி, அதை மூன்று நிமிஷமாகக் குறைத்தார்களாம். நாலு மணி நேரம் பின்தங்கினவனுக்கு மூன்றென்ன, பத்தென்ன? சட்டம் வகுப்பவர்கள் எந்தத் தேசத்திலும் ஒரே ஜாதிதான்.

அந்தப் பந்தயத்தில் அவர் ஏழாவதாக வந்தார். விட்டுவிடவில்லை, பாருங்கள். அதற்குள் யுத்தம் வந்தது, போயிற்று. 1919-ல் பந்தயம் மறுபடி நடந்தபோது, சரித்திரத்திலேயே முதல் மஞ்சள் சட்டையைப் போட்டுக் கொண்டவர் இந்தக் கிறிஸ்தோப்தான். முடிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, 468 கிலோமீட்டர் ஓட வேண்டிய அன்றைக்கு, மறுபடியும் போர்க் முறிந்தது! மறுபடியும் பட்டறை, மறுபடியும் சம்மட்டி. ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று; முதல் இடமும் போயிற்று. மூன்றாவதாக வந்தார். படித்த ஜனங்கள் உருகிப் போய்ப் பத்திரிகைக்குப் பணம் அனுப்பினார்கள். சேர்ந்த தொகை, முதலில் வந்தவருக்குக் கொடுத்த பரிசைவிட அதிகம். 1922-ல் மூன்றாவது தடவையாகவும் போர்க் முறிந்தது. இதை நான் சொல்லும்போது குட்டி நம்பவில்லை. "கதை விடறே, பாட்டி" என்றாள். கதையாக எழுதினால் எந்தப் பத்திரிகை ஆசிரியரும் திருப்பி அனுப்பிவிடுவார்தான். ஆனால் நடந்தது.

கிறிஸ்தோப் ஒரு நாளும் டூர் டி பிரான்ஸை ஜயிக்கவில்லை. ஜயித்தவர்கள் பெயர் பலருக்கு மறந்து போயிற்று. அந்தக் கிராமத்தில் மட்டும் இவருக்குக் கல்வெட்டும் சிலையும் இருக்கின்றன.

*

குளிரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊரில் மார்கழிக்கே மப்ளர் சுற்றிக் கொள்கிற நமக்கு அது புரிவது கஷ்டம்.

இத்தாலியைச் சுற்றி ஓடும் பந்தயத்துக்கு 'ஜிரோ' என்று பெயர். 1988-ம் வருஷம் ஜூன் 5-ம் தேதி, காவியா என்ற 2,621 மீட்டர் கணவாயில் பனி கொட்டியது. பந்தயத்தை நிறுத்தவில்லை. ஏறுகிறபோது உடம்பு உழைப்பதால் சூடு இருக்கும். அபாயம் இறக்கத்தில். கால் மிதிக்க வேண்டியதில்லை. உடம்பில் சூடு பிறப்பதில்லை. எதிர்க்காற்றோ கத்தி மாதிரி. விரல் விறைத்துவிட்டால் பிரேக்கைப் பிடிக்கவே முடியாது. வான் டெர் வெல்டே என்பவர் எல்லோருக்கும் முன்னால் உச்சியை அடைந்தார், அரைக்கைச் சட்டையோடு! அப்படியே இறங்க ஆரம்பித்தார். கொஞ்ச தூரம் போவதற்குள் உடம்பு வெட வெட என்று உதறி, இறங்கி ஒதுங்கி, சூடாக எதையோ குடித்து, பிழைத்துக் கொண்டு ஊர் வந்து சேர்ந்தபோது, முக்கால் மணி நேரத்துக்கு மேல் பின்தங்கியிருந்தார்.

ஆண்டி ஹாம்ப்ஸ்டன் என்ற அமெரிக்கருக்கு வேறு மாதிரி நடந்தது. அவருடைய கோஷ்டியார் காலையிலேயே கடைக்குப் போய், பனிச்சறுக்கு ஆடுகிறவர்கள் போடும் கையுறை, குல்லாய் எல்லாம் வாங்கி வைத்திருந்தார்கள். உடம்பெல்லாம் கொழுப்புத் தைலம் பூசிவிட்டார்கள். வழியில் வெந்நீர்த் தேநீர். அப்படியும் தலைமுடியில் பனி கட்டி, தட்டிவிட்டால் உருண்டையாக முதுகில் உருண்டதாம். அன்றைக்கு இரண்டாவதாகத்தான் வந்தார். ஆனால் மொத்தக் கணக்கில் முந்திவிட்டார். அந்த ஜிரோவையே ஜயித்தார். அமெரிக்கர் ஒருவர் அதை ஜயித்தது அதுவே முதல் தடவை. முன்யோசனையோடு துணிமணி எடுத்து வைத்த அந்தப் புண்ணியவான்களை யாரும் படம் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். நம் வீடுகளிலும் குடையை எடுத்துப் பையில் வைப்பவரை யார் கவனிக்கிறார்கள்?

"எல்லாரும் ஆம்பிளைதானா?" என்றாள் குட்டி.

அதற்காகத்தானே காத்திருந்தேன்!

இதே ஜிரோ பந்தயத்தில் 1924-ல் ஒரு பெண் ஓட்டினாள். அல்ஃபோன்ஸினா ஸ்ட்ராடா. 1891-ல் இத்தாலியில் ஓர் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தவள். பத்து வயதில் அப்பா எங்கிருந்தோ ஒரு பழைய சைக்கிளைக் கொண்டு வந்தார். கோழிகளைக் கொடுத்து வாங்கியதாகச் சொல்வார்கள். சைக்கிள் அப்பாவுக்கு, பைத்தியம் பெண்ணுக்கு. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பக்கத்து ஊர்ப் பந்தயங்களுக்குப் போவாளாம். வீட்டில் கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். எந்த ஊரிலும் பெற்றவர்களுக்கு ஒரே மருந்துதான் தெரியும்! மாப்பிள்ளையோ கல்யாணப் பரிசாகப் பந்தயச் சைக்கிளையே வாங்கிக் கொடுத்துவிட்டார்.

1924-ல் பெரிய கோஷ்டிகளுக்கும் பந்தயத்தை நடத்தியவர்களுக்கும் பணத் தகராறு. கோஷ்டிகள் வரவில்லை. ஆள் வேண்டுமே என்று, தனியாக வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டுச் சேர்த்துக் கொண்டார்கள். அந்த இடைவெளியில் இவள் நுழைந்துவிட்டாள். அப்போது அவளுக்கு முப்பத்து மூன்று வயது. கணவர் மனநல விடுதியில் இருந்தார். அவருடைய செலவுக்கு இவள்தான் சம்பாதிக்க வேண்டும். ஆகவே விளையாட்டாக வந்தாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

பன்னிரண்டு கட்டங்கள், மொத்தம் 3,613 கிலோமீட்டர். இப்போது போல் தார் ரோடா? மண்ணும் கல்லும். சைக்கிளும் கனம். முதல் வாரம் அவள் சமாளித்துக் கொண்டு வந்தாள். சில ஆண்களுக்கு முன்னாலேயே வந்தாள். லாக்விலாவிலிருந்து பெரூஜியா போகிற நாளில் புயலும் மழையுமாக அடித்தது. விழுந்தாள்; எழுந்தாள்; மறுபடி விழுந்தாள். அதில் ஹாண்டில் பார் முறிந்துவிட்டது. வழியில் ஒரு வீட்டில் போய் நின்றாள். அந்த வீட்டுக் குடியானவப் பெண்மணி என்ன கொடுத்தாள் தெரியுமா? துடைப்பத்தின் கட்டை! அதை முறித்துச் செருகிக் கட்டிக் கொண்டு, மீதித் தூரம் ஓட்டினாள்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆசாமி அந்தத் துடைப்பக்காரிதான். மழையில் சேறு பூசிக்கொண்டு, அரை நிஜாரோடு ஒருத்தி வாசலில் வந்து நிற்கிறாள். அந்தக் காலத்து இத்தாலிக் கிராமத்தில் அது சாமானியமான காட்சியா? கதவைச் சாத்தாமல், வீட்டுத் துடைப்பத்தை முறித்துக் கொடுத்திருக்கிறாளே! அவள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பெரூஜியா போய்ச் சேரும்போது கெடு நேரம் தாண்டிவிட்டது. கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஆனால் பந்தயத்தை நடத்திய பத்திரிகையின் ஆசிரியர் எமிலியோ கொலம்போ, அவளைப் பார்க்கத்தான் ஜனங்கள் கூடுகிறார்கள் என்று தெரிந்தவர். தொடர்ந்து ஓட்டலாம்; சாப்பாடும் தங்குமிடமும் நாங்கள் தருகிறோம்; கணக்கில் மட்டும் சேராது என்றார். அவள் சம்மதித்தாள். ஃபியூமே நகருக்கு 415 கிலோமீட்டர் ஓட்டிக் கொண்டு, பல தடவை விழுந்து, வலியில் அழுதபடி வந்தபோது, கூட்டத்தார் அவளைச் சைக்கிளிலிருந்து தூக்கிக் கொண்டாடினார்கள் என்று சொல்வார்கள். கடைசியில் மிலான் வரையில் வந்து சேர்ந்தாள். புறப்பட்டவர்கள் 90 பேர். ஊர் வந்து சேர்ந்தவர்கள் சுமார் முப்பது பேர்தான்.

அடுத்த வருஷம் கேட்டாள், இல்லை என்றுவிட்டார்கள். அப்புறம் வேறு பந்தயங்கள், சைக்கிள் வேடிக்கைகள் என்று பிழைத்து, மிலானில் சைக்கிள் கடை வைத்து, 1959-ல் காலமானாள். அன்றைக்கும் ஒரு சைக்கிள் பந்தயம் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்பியிருந்தாள்.

*

இன்னொருத்தியைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இவள் பந்தயக்காரியே அல்ல. அயர்லாந்தில் லிஸ்மோர் என்ற சிற்றூரில் 1931-ல் பிறந்த டெர்வ்லா மர்ஃபி. பத்தாவது பிறந்த நாளுக்குப் பெற்றோர் ஒரு பழைய சைக்கிளும், தாத்தா ஒரு பழைய தேசப்பட புத்தகமும் பரிசாகக் கொடுத்தார்கள். இரண்டையும் ஒரே நாளில் கொடுத்ததுதான் வினை. சில நாள் கழித்து ஒரு மேட்டில் ஏறும்போது தன் கால்களைப் பார்த்தாளாம். இதையே விடாமல் மிதித்துக் கொண்டிருந்தால் இந்தியாவுக்குப் போய்விடலாமே என்று தோன்றியதாம். யாரிடமும் சொல்லவில்லை. பெரியவர்கள் சிரிப்பார்கள் என்று தெரிந்த குழந்தை.

அம்மாவுக்கு மூட்டு வாதம், நடமாட்டம் இல்லை. பதினாலு வயதில் படிப்பை நிறுத்திவிட்டு, அம்மாவைப் பார்த்துக் கொண்டாள். ஒரு வருஷமா, இரண்டு வருஷமா? 1962-ல் அம்மா காலமாகும் வரையில். அடுத்த ஜனவரியில், ஐரோப்பாவில் பல வருஷங்களாகக் காணாத குளிரில், சைக்கிளை எடுத்துக் கொண்டு புறப்பட்டுவிட்டாள். அந்தச் சைக்கிளுக்கு 'ராஸ்' என்று செல்லப் பெயர். பையில் ஒரு கைத்துப்பாக்கி.

துப்பாக்கி தேவைப்பட்டது. யுகோஸ்லாவியாவில் ஏறிக் கொண்ட லாரி பனியில் சறுக்கி மரத்தில் மோத, உதவி தேடி இருட்டில் நடந்தபோது ஓநாய்கள் பாய்ந்தன. ஒன்று தோளில் சட்டையைக் கவ்விக் கொண்டது, சுட்டாள். ஆப்கானிஸ்தானத்தில் பஸ்ஸில் நடந்த கைகலப்பில் யாருடைய துப்பாக்கிக் கட்டையோ இடித்து விலா எலும்பு முறிந்தது. வேடிக்கையைப் பாருங்கள்: இரண்டு பெரிய ஆபத்துமே சைக்கிளை விட்டு வேறு வண்டியில் ஏறியபோது வந்தவை! அந்த வருஷம் ஜூலையில் டில்லி வந்து சேர்ந்தாள். வந்தவள் தாஜ்மஹாலைப் பார்த்துவிட்டுத் திரும்பினாளா? தர்மசாலையில் திபெத்திய அகதிக் குழந்தைகளுக்குப் பணிவிடை செய்யப் போய்விட்டாள். அப்புறம் எத்தனையோ தேசங்கள்; இருபதுக்கு மேற்பட்ட புத்தகங்கள். 2022-ல் தொண்ணூறு வயதில் காலமானாள்.

"அவ எத்தனை வருஷம் காத்திண்டிருந்தா, பாட்டி?"

"இருபத்தோரு வருஷம்."

குட்டி விரல் விட்டு எண்ணினாள். தன் வயதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் என்று தெரிந்ததும் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: "நீ விழுந்திருக்கியா?"

*

விழுந்திருக்கிறேன். 1960-ல், கும்பகோணத்தில். எனக்குப் பதின்மூன்று வயது. அண்ணா வாடகைச் சைக்கிள் எடுத்து வருவான், மணிக்குப் பன்னிரண்டு நயா பைசா. ஆள் உயரத்துக்குக் கம்பி போட்ட ஆண் பிள்ளைச் சைக்கிள். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. கம்பிக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுத்தான் பழகினேன். காவேரிக் கரையில், மத்தியான்னம் எல்லோரும் தூங்குகிற நேரத்தில், அண்ணா பின்னால் பிடித்துக் கொண்டு ஓடி வருவான். ஒரு நாள் அவன் பிடிக்கவில்லை என்பது பாதித் தூரம் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தச் சந்தோஷம் இருக்கிறதே! காவேரியும் கூடவே ஓடி வந்தது போல் இருந்தது.

மூன்றாவது நாளோ, நாலாவது நாளோ, தாவணித் தலைப்பு செயினில் மாட்டிக் கொண்டது. இழுத்த இழுப்பில் சைக்கிளோடு ரோட்டில் விழுந்தேன். எதிரே நெல் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி. வண்டிக்காரர் மாட்டை இழுத்துப் பிடித்தார். சக்கரம் என் தலைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. அந்த இரும்புப் பட்டையில் ஒட்டியிருந்த வைக்கோல்கூட இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்பா என்னை அடிக்கவில்லை. அண்ணாவை அடித்தார். "யார் கூட்டிண்டு போகச் சொன்னா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். 'நான்தான் கெஞ்சினேன்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணாவும் சொல்லவில்லை. அதற்கப்புறம் நான் சைக்கிளைத் தொடவில்லை. யாரும் தடுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

1992-ல் புதுக்கோட்டையில் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். அறிவொளி இயக்கம் நடந்து கொண்டிருந்த சமயம். கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற அம்மாள். எழுத்துக் கற்றுக் கொடுப்பதோடு, கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். சாயங்காலம் மைதானத்தில் போய்ப் பார்த்தால், கல் உடைக்கிறவர்களும் வயலில் வேலை செய்கிறவர்களும், புடவையை இழுத்துச் செருகிக் கொண்டு, விழுந்து எழுந்து ஓட்டுகிறார்கள்! பெண்கள் சைக்கிள் போதவில்லை என்று ஆண் பிள்ளைச் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதுவே தேவலை என்றார்கள். என்னைவிடப் பெரியவள் ஒருத்தி, முழங்கையில் ரத்தத்தோடு, "ஏறுங்கம்மா, நான் புடிச்சிக்கிறேன்" என்று சைக்கிளை என்னிடம் நீட்டினாள்.

ஹாண்டில் பாரைப் பிடித்தேன். ஒரு காலைப் பெடலில் வைத்தேன். கை நடுங்கியது. வைக்கோல் ஒட்டிய இரும்புப் பட்டை கண்ணில் வந்தது. அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது.

"அப்புறம் எப்போ ஓட்டினே, பாட்டி?" என்றாள் குட்டி.

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. காப்பி கலக்கப் போய்விட்டேன்.

அன்று ராத்திரி அவளுடைய அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் எதிர் வீட்டுக்குப் போனேன். கிறிஸ்தோப்பையோ, ஓநாயையோ பற்றிப் பேசவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே வயிற்றைக் கலக்கியிருந்தது. மாடியில் சைக்கிளைப் பார்க்க வேண்டும் என்றேன். பூட்டைத் திறந்தார். பின் பிரேக் கட்டை தேய்ந்து, இரும்பு தெரிந்தது. முன் பிரேக் மட்டும் பிடித்தால் மணலில் சறுக்காமல் என்ன செய்யும்? செயினுக்கு மேல் இருக்க வேண்டிய மூடி கழன்று எங்கேயோ போயிருந்தது. ஹெல்மெட் வாங்கியது வாங்கியபடி அட்டைப் பெட்டியிலேயே இருந்தது. "மாமி, நான் இதையெல்லாம் பார்க்கவே இல்லையே" என்றார். நம் வீட்டுச் சைக்கிள்களை யார்தான் பார்க்கிறோம்? நீங்கள் இதைப் படித்து முடித்ததும் ஒரு தடவை போய்ப் பாருங்கள்: பிரேக் கட்டை, செயின் மூடி, பின் சக்கரத்தில் துணி மாட்டாமல் வலை. தாவணி போய்ச் சுடிதார் வந்துவிட்டது; துப்பட்டா இருக்கிறதே, அதுவும் செயினைத் தேடிக்கொண்டு போகிற சாமான்தான். குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்து விடுங்கள்.

பிறகு அவரிடம் என் அண்ணா அடி வாங்கிய கதையைச் சொன்னேன். அறுபது வருஷத்துக்கு மேலாக யாரிடமும் சொல்லாதது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பூட்டை மறுபடி மாட்டவும் இல்லை.

வெள்ளிக்கிழமை தையல் பிரித்தார்கள். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தெருவில் சைக்கிள் பெல் சத்தம் கேட்டது, ஒரு தடவையல்ல, பத்துத் தடவை. என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று தெரிந்தது. ஜன்னல் வரையில் போனேன். எட்டிப் பார்க்கப் பயமாக இருந்தது.